34 டிகிரியில் அம்மா: மூளை ரத்தக்கசிவு, ஆபரேஷன், கூலிங் சிகிச்சை

அம்மாவின் மருத்துவமனை பில்லில் ஆபரேஷன், ஐசியு, மருந்து என்று ஓடும் வரிகளுக்கு நடுவே ‘டார்கெட்டட் டெம்பரேச்சர் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு வரி இருந்தது, உடம்பைக் குளிர வைக்கும் சிகிச்சைக்கு அவர்கள் வைத்த பெயர். கிட்டத்தட்ட 1.75 லட்சம் ரூபாய். இன்சூரன்ஸ்காரர்கள் மற்ற வரிகளில் அங்கங்கே பிடித்துக்கொண்டு, இந்த வரியை மட்டும் முழுசாக அடித்துவிட்டு, ‘நிரூபிக்கப்படாத சிகிச்சை’ என்று எழுதி அனுப்பினார்கள். மூளையில் ரத்தம் கசிந்த ஒருவருக்குத் தலையைத் திறந்து ஆபரேஷன் செய்தபிறகு, உடம்பை வேண்டுமென்றே குளிர வைப்பார்கள் என்பதையே நான் கையெழுத்துப் போட்ட அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். தமிழில் தேடிப் பார்த்தால் பக்கவாதத்துக்கு என்ன சாப்பிடலாம், எந்த எண்ணெய் தேய்க்கலாம் என்றுதான் வந்தது. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. எல்லா முடிவையும் நான் ஒருத்தியாக எடுக்க வேண்டியிருந்தது. இன்னொருத்தி அந்த ஐசியு வாசலில் பேனாவோடு நிற்கும்போது கொஞ்சமாவது விஷயம் தெரிந்து நிற்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அம்மாவுக்கு 58 வயது, பல வருஷமாக பிபி உண்டு. ‘இப்பத்தான் நல்லா இருக்கேனே’ என்று மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர் தலை பிளக்கிறது என்று உட்கார்ந்தார், ஒரு தடவை வாந்தி எடுத்தார், அப்புறம் இடது கை தொங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை அவசரமாக சோடா வாங்கி வந்தார். இன்னொருவர் நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் ஆஸ்பிரினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, 108இல் பேசியவர் ‘வாயில எதுவும் குடுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க’ என்று கண்டிப்பாகச் சொன்னார். ஏன் என்று பிறகு புரிந்தது. பக்கவாதம் அடைப்பாலும் வரலாம், கசிவாலும் வரலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது, சிடி ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுத்து நிலைமையைக் கெடுத்துவிடும். விழுங்கும் சக்தி போயிருந்தால் சோடாவும் காபியும் நேராக நுரையீரலுக்குப் போகும்.

கோபியிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். சாம்பல் நிற மூளைக்கு நடுவே வலது பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. ரத்தம் சிடியில் வெள்ளையாகத் தெரியுமாம். பிபி 220க்கு 120. அங்கே இருந்த டாக்டர் பிபியைக் குறைக்க மருந்து ஏற்றிவிட்டு, நியூரோ சர்ஜன் இருக்கும் இடத்துக்கு உடனே போங்கள் என்றார். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா தனியாரா என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கேட்டபோது, ஆபீஸில் எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸை நம்பி ஒரு தனியார் மருத்துவமனையின் பெயரைச் சொன்னேன். அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன்கள் தினசரி நடக்கின்றன, காசு பிரச்சினை என்றால் அங்கே போகத் தயங்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, வருமான வரம்பு 1.2 லட்சம். எங்கள் ரேஷன் அட்டையில் என் சம்பளமும் சேர்ந்துவிட்டதால் நாங்கள் அதற்குள் வரவில்லை. இன்னொன்று, ‘48 மணி நேரத்துக்கு அரசாங்கமே பணம் கட்டிடுமாம்’ என்று வழியெல்லாம் போனில் நிறையப் பேர் சொன்னார்கள். அது சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான திட்டம். வீட்டில் மூளை ரத்தக்குழாய் வெடித்தவர்களுக்குக் கிடையாது.

சர்ஜன் என்னை உட்கார வைத்து முதலில் கேட்டது, ‘ஏம்மா, கூட ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?’ எனக்குச் சுருக்கென்றது. ‘நான்தான் சார், சொல்லுங்க’ என்றேன். அதற்குப் பிறகு பொறுமையாகத்தான் பேசினார். ஸ்கேன் படத்தில் நீளம், அகலம், எத்தனை அடுக்கில் தெரிகிறது என்று பார்த்து, மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்து, 45 மில்லிக்குப் பக்கம் ரத்தம் என்றார். நடுக்கோடு இடது பக்கமாகத் தள்ளியிருக்கிறது, நினைவு குறைந்துகொண்டே வருகிறது, மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்றார். இந்த இடத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: ‘இந்த ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றவா, கை கால் திரும்பவா?’ நான் அழுதுகொண்டே ஏதோ உளறியதில் அது தானாக வந்துவிட்டது. அவர் நேராகவே பதில் சொன்னார்: ‘உயிருக்குத்தாம்மா. கை காலுக்கு நான் வாக்கு கொடுக்க முடியாது.’ அந்த நேர்மைக்கு இன்றைக்கும் அவர்மேல் மரியாதை இருக்கிறது. பிறகு படித்தபோது தெரிந்தது, 2005இல் வந்த ஸ்டிச் என்ற பெரிய ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களுக்கும் முதலில் மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்திருக்கிறது. ஆனால் கண்முன்னே நினைவு தப்பிக்கொண்டிருக்கிற ஆளின் கதை வேறு. ஆபரேஷனுக்குச் சம்மதித்ததில் எனக்கு இன்றுவரை சந்தேகமே வந்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து ஐசியுவில் பார்க்க விட்டபோது தலையில் பெரிய கட்டு. அதை எதிர்பார்த்துத்தான் போனேன். வயிற்றில் ஏன் ஒரு கட்டு? தலைக்குத்தானே ஆபரேஷன்? எனக்குத் தலை சுற்றிவிட்டது, வேறு ஏதோ எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கத்தப் போனவளை சிஸ்டர் ஒருவர் ஓரமாகக் கூட்டிப்போய், ‘எடுத்த மண்டையோட்டு எலும்பை வயித்துத் தோலுக்கு அடியில வச்சுத் தைச்சிருக்காங்கக்கா. வீக்கம் வடிஞ்ச பிறகு சில மாசம் கழிச்சு எடுத்துத் திரும்ப வைப்பாங்க’ என்றார். சில இடங்களில் ஆழ்குளிர் பெட்டியில் வைப்பார்களாம். சம்மதப் படிவத்தில் அது ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருந்திருக்கிறது. படிவத்தை நீட்டும்போதே ‘எலும்பை எங்கே வைப்பீர்கள், திரும்ப வைக்கும் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்’ என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது ஆபரேஷன் ஒன்று காத்திருக்கிறது என்பது பணக் கணக்குக்கு ரொம்ப முக்கியம். கையில் இருப்பதையெல்லாம் முதல் பில்லிலேயே கொட்டிவிட்டால் அப்போது தவிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் ராத்திரி காய்ச்சல் 102ஐத் தாண்டியது. மூளை வீக்கமும் குறையவில்லை. ஐசியு டாக்டர், ஆபரேஷன் செய்தவர் இல்லை, வேறு ஒருவர், வெளியே வந்து, ‘பாடி டெம்பரேச்சரை 34க்குக் கொண்டு வரப் போறோம், கூலிங் தெரபி. பேட் ஒரு செட்டே 80 ஆயிரம் பக்கம் வரும், மெஷின் சார்ஜ் தனி. சீக்கிரம் சொல்லுங்க’ என்றார். அவர் சொன்னது செல்சியஸ் கணக்கு. நம் வீட்டு தெர்மாமீட்டரின் பாரன்ஹீட் கணக்கில் 34 என்பது 93 சொச்சம். நான் ‘சளி பிடிக்காதா சார்?’ என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். கேள்வி ஒன்றும் அவ்வளவு அசட்டுத்தனம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. குளிர வைத்தால் நோய் எதிர்ப்பு குறையும், நிமோனியா வரும் வாய்ப்பு கூடும். அம்மாவுக்கு வந்தது.

எதற்காகக் குளிர வைக்கிறார்கள் என்பதை இப்போது எளிமையாகச் சொல்கிறேன். உடம்புச் சூடு ஒரு டிகிரி குறைந்தால் மூளை செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. அடிபட்ட மூளைக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு இருக்கும்போது செலவைக் குறைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வீக்கமும் மண்டைக்குள் அழுத்தமும் குறையும். எண்ணம் இதுதான், தப்பான எண்ணமும் இல்லை. ஆனால் செய்து பார்த்தபோது நினைத்த அளவுக்கு ஒத்துவரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் புடைப்பு வெடித்தவர்களுக்கு ஆபரேஷன் நேரத்தில் 33 டிகிரிக்குக் குளிர வைத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வந்தது. ஆயிரம் பேருக்குச் செய்தும் பலன் தெரியவில்லை. தலையில் அடிபட்டு மூளை அழுத்தம் கூடியவர்களைக் குளிர வைத்த யூரோதெர்ம் ஆய்வில் குளிர வைத்தவர்களின் நிலைமைதான் மோசமாக இருந்தது, 2015இல் முடிவு வந்தபோது அதைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அம்மாவுக்கு வந்தது போன்ற கசிவுக்கு, 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலே 35க்குக் கீழே குளிர வைப்பதன் பயன் தெளிவாக இல்லை என்றுதான் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது சரியாக இருக்கலாம் என்கிறது. எனக்கு ஐசியு வாசலில் யாரும் பிரித்துச் சொல்லாத விஷயம் இதுதான்: காய்ச்சல் வராமல் 37, 37.5இல் பிடித்து வைப்பது ஒன்று, 34க்கு இறக்குவது இன்னொன்று. இரண்டுக்கும் கூலிங் என்றே பெயர் சொல்கிறார்கள். செலவும் ஆபத்தும் ஒன்றே அல்ல.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் அவகாசம் கேட்டேன். பெரியப்பா மகளின் தோழி ஒருத்தியின் அண்ணன் ஒரு அரசு மருத்துவமனையில் நியூரோ சர்ஜன். நட்டநடு ராத்திரியில் போனில் ஸ்கேன் படங்களை அனுப்பினேன். அவர் சொன்னது: ‘காய்ச்சலை முதல்ல இறக்கணும், அதுல மாத்துக் கருத்தே இல்லை. பாராசிட்டமால், ஐஸ் பேக், குளிர் சலைன் இதுக்கெல்லாம் கேக்குதான்னு பாத்தாங்களான்னு கேளுங்க. மானிட்டால், 3 பர்சென்ட் சலைன்னு வீக்கத்தை வடிக்கிற மருந்துங்க கொடுத்தும் மூளை அழுத்தம் குறையலைன்னா 34 அவங்களோட கடைசி அஸ்திரம். அப்படித்தான் பண்றாங்கன்னா தடுக்காதீங்க.’ நான் போய்க் கேட்டேன். அதெல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று கேஸ் ஷீட்டைக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரம் அவகாசம் கேட்பதால் யாரும் உங்களைக் கொலைகாரர்களாகப் பார்க்கப் போவதில்லை. சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், அது வேறு. ‘பணத்தைப் பாக்காத, அம்மாவைப் பாரு’ என்று போனில் அறிவுரை சொன்ன ஒருவர்கூட ஐந்து பைசா அனுப்பவில்லை.

பேட் என்பது ஜெல் பூசிய தடிமனான பட்டைகள். முதுகின் இரண்டு பக்கமும் தொடைகளிலும் ஒட்டி, அதற்குள் குளிர்ந்த நீர் ஓடும்படி குழாய் மாட்டியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின். சிறுநீர்க் குழாயின் முனையிலேயே வெப்பத்தை அளக்கும் கம்பி இருக்கிறது, அது சொல்வதைக் கேட்டு மெஷின் தண்ணீரின் குளிரைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. இத்தனையும் செய்துவிட்டு அம்மாவின் கைக்கும் காலுக்கும் மட்டும் கம்பளி உறை மாட்டி, மேலே துண்டு சுற்றி வைத்திருந்தார்கள். குளிர வைத்துவிட்டு உறை எதற்கு என்று எனக்குக் கோபமே வந்தது. சிஸ்டர் சொன்னார்: கை, கால், முகத்துத் தோல்தான் குளிர் என்று மூளைக்கு முதலில் சொல்லும். அந்த இடங்களைக் கதகதப்பாக வைத்தால் நடுக்கம் குறையும். நடுங்கினால் தசைகள் சூட்டை உண்டாக்கி, ஆக்சிஜனைக் குடித்து, குளிர வைத்த பலனையே கெடுத்துவிடுமாம். அதற்காகத்தான் மயக்க மருந்து, அது போதாவிட்டால் தசையைத் தளர்த்தும் மருந்து. தாடை லேசாகத் துடிக்கிறதா, நெஞ்சுத் தசை அதிர்கிறதா என்று அந்த சிஸ்டர் மணிக்கொரு தடவை கை வைத்துப் பார்த்தார். மெஷினைவிட அவரைத்தான் நான் நம்பினேன்.

அந்த நாட்களில் என்னை உள்ளே விட்டது தினமும் கொஞ்ச நேரம்தான். அம்மாவின் தோளைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அப்படி ஒரு குளிர் உடம்பை அப்பாவின் கடைசி நாளில்தான் தொட்டிருக்கிறேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உடம்பு குளிர்ந்திருக்கும், முகம் வெளுத்திருக்கும், கூப்பிட்டால் அசைவு இருக்காது. மயக்க மருந்து ஓடுவதால் டாக்டராலேயே நினைவு எப்படி இருக்கிறது என்று சரியாகச் சோதிக்க முடியாது. ‘கண்ணைத் திறந்தாங்களா?’ என்று கேட்டுக் கேட்டு நொந்து போகாதீர்கள். குளிரில் மருந்துகள் உடம்பிலிருந்து வெளியேறவும் நேரமெடுக்கும் என்பதால், மெஷினை எடுத்தபிறகும் சில நாள் தூக்கக் கலக்கம் நீடிக்கலாம். அம்மா அப்படித்தான் கிடந்தார். நான் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கூலிங் செய்யச் சொன்ன அந்த ஐசியு டாக்டரிடம் இப்போது என்னை நிறுத்தினால் வேறு மாதிரிக் கேட்பேன். இலக்கு எத்தனை டிகிரி? எத்தனை நாளைக்கு? நடுக்கத்துக்கு என்ன கொடுப்பீர்கள்? இதயத் துடிப்பு குறைந்தால்? அம்மாவுக்கு 45க்கு வந்தது, மானிட்டர் சத்தம் போட்டது, அது குளிரின் விளைவுதான் என்று சாதாரணமாகச் சொன்னார்கள், எனக்குத்தான் உயிர் போனது. பொட்டாசியம் குறையும், சர்க்கரை ஏறும், ரத்தம் உறையும் தன்மை குறையும். மூளையில் கசிந்த ஆளுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பயம் கொடுத்தது, ஆகவே அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்பது முக்கியம். எல்லாவற்றுக்கும் மேல், எப்படித் திரும்பச் சூடேற்றுவீர்கள்? இதுதான் ஆபத்தான கட்டம். வேகமாகச் சூடேற்றினால் அடங்கியிருந்த வீக்கம் திரும்பப் பொங்கும், பொட்டாசியமும் சட்டென்று ஏறும். மணிக்குக் கால் டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்றார்கள். 34இலிருந்து 37க்கு வர அதற்கே 12 மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு அதைவிடவும் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். அப்படியும் நடுவில் மூளை அழுத்தம் கூடி, 3 பர்சென்ட் சலைன் கொடுத்து, அவசரமாக ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மெஷினை எடுத்ததும் காய்ச்சல் திரும்ப அடித்தது. அது நிமோனியா. அதற்குள் தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைத்தாயிற்று.

கூலிங்கால்தான் அம்மா பிழைத்தாரா? அந்த ஐசியு டாக்டரே அப்படிச் சொல்லவில்லை. நிமோனியா குளிரால் வந்ததா, வென்டிலேட்டரால் வந்ததா என்பதையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நான் ஒன்று மட்டும் சொல்வேன். பளபளவென்று ஒரு மெஷின் வந்து நின்றதும் நம் கவனம் எல்லாம் அதன் திரைக்குப் போய்விடுகிறது. ஆனால் மூளைக் கசிவில் பலன் தந்திருப்பவை ரொம்பச் சாதாரண விஷயங்கள். 2023இல் வெளிவந்த இன்டராக்ட்-3 என்ற ஆய்வு, இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தது. பிபியை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே கொண்டு வருவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலை 37.5க்கு மேல் விடாமல் பார்ப்பது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதன் வேலையை முறிப்பது, இவற்றைச் சேர்த்து வேகமாகச் செய்தவர்களின் நிலை மேம்பட்டது. இதில் எதற்கும் 80 ஆயிரம் ரூபாய் பேட் வேண்டியதில்லை. மெஷின் வைத்துக் காய்ச்சலே வராமல் தடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. காய்ச்சல் குறைந்ததே தவிர, நோயாளிகள் எழுந்து நடமாடுவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே சின்ன ஊர் மருத்துவமனையில் அந்த மெஷின் இல்லை என்பதற்காக, நிலையாக இருக்கும் நோயாளியை ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டு அலைய வேண்டாம். பிபி எத்தனை, சர்க்கரை எத்தனை, டெம்பரேச்சர் எத்தனை என்று தினமும் சார்ட்டைப் பார்த்துக் கேளுங்கள்.

இனி பணம். மொத்தம் 11 லட்சத்தைத் தாண்டியது. இன்சூரன்ஸ் 5 லட்சம் பாலிசி, வந்தது மூன்றரை சொச்சம். மீதிக்கு நகைக்கடன், ஆபீஸில் அட்வான்ஸ், கொஞ்சம் கைமாற்று. கூலிங் வரி அடிபட்டதற்குக் காரணம், பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிற விலக்குப் பட்டியலில் நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று ஓர் அம்சம் உண்டு. பேட் தனியாக, ஒருமுறை பயன்படுத்தும் பொருள் என்ற கணக்கில் போனது. மருத்துவமனை இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பையன் ‘எல்லாம் கவர் ஆயிடுங்க மேடம்’ என்று சொன்னதை நம்பிவிட வேண்டியிருந்தது, எழுதிக் கொடு என்று கேட்கும் நிலையில் யார் இருப்பார்கள்? கேட்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் முன்பே கூடுதல் ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்லி, பதிலை வாட்ஸ்அப்பிலாவது வாங்கி வையுங்கள். ராத்திரியில் பதில் வராவிட்டாலும், கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

அடிபட்ட அந்த கூலிங் வரியை நான் விடவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், எந்த நிலையில், எதெல்லாம் கொடுத்தும் குறையாததால் குளிர வைக்க வேண்டியிருந்தது என்று ஒரு கடிதம் கேட்டேன். உடனே எழுதிக் கொடுத்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் ‘கூலிங் செய்யப்பட்டது’ என்று இருந்ததை, மூளை அழுத்தத்துக்காகவும் அடங்காத காய்ச்சலுக்காகவும் என்று திருத்தி வாங்கினேன். சம்மரியில் காரணம் எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் அன்றே பார்த்துவிடுங்கள், பிறகு திருத்த அலைய விடுவார்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். எனக்கு மெஷின் கட்டணமும் அந்த நாட்களின் மருந்துச் செலவும் திரும்ப வந்தன, பேட் காசு வரவில்லை. வந்ததை வைத்து நகையில் பாதியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு நடப்பதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்தது. மூக்கு வழிக் குழாயில் கஞ்சி, தொண்டைத் துளையில் சளி உறிஞ்சுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. ஏர் பெட் வாடகைக்கே கிடைக்கும், புதிதாக வாங்கிவிடாதீர்கள். எலும்பு இல்லாத பக்கம் தலை குழிந்திருக்கும், அந்தப் பக்கமாகப் படுக்க விடக் கூடாது, உட்கார வைக்கும்போது ஹெல்மெட் மாட்ட வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். பார்க்க வந்த உறவினர் ஒருவர் பாசத்தில் அப்படித்தான் தூக்கினார், அந்த வலி பல வாரம் இருந்தது.

குழாயெல்லாம் எடுத்து வாயால் சாப்பிட ஆரம்பித்த சமயம், அம்மா தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிடுவார். பசியில்லை போல என்று நினைத்தேன். ஒருநாள் கவனித்தேன். வலது பாதி வழித்துச் சாப்பிட்டிருக்கிறார், இடது பாதியில் கை படவே இல்லை. பொரியல் இடது ஓரத்தில் வைத்தால் ‘இன்னிக்கு பொரியல் வைக்கலையா கண்ணு?’ என்று கேட்டார். பிசியோதெரபிஸ்டிடம் சொன்னபோது, வலது மூளை அடிபட்டவர்களுக்கு இடது பக்க உலகமே மறந்துபோகலாம், கண்ணில் கோளாறு இல்லை என்றார். அன்றிலிருந்து பாதியில் தட்டைச் சுற்றித் திருப்பி வைப்பேன், பேசும்போது வேண்டுமென்றே அவருடைய இடது பக்கம் உட்காருவேன். ‘எங்க இருக்கே?’ என்று தேடுவார். தேட வைப்பதே பயிற்சி. இதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாப்பிடவில்லை என்று அம்மாவை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்க மாட்டேன்.

பிசியோவுக்கு ஆரம்பத்தில் வீட்டுக்கு வரச் சொல்லித் தினமும் 500 ரூபாய் கொடுத்தேன். பிறகுதான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோவும் வந்து பார்ப்பார்கள் என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். அவர்களால் தினமும் வர முடியாது, ஆனால் என்னென்ன பயிற்சி என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், மீதியை நாம் செய்துகொள்ளலாம். பெயரைப் பதிந்துவிடுங்கள்.

எலும்பைத் திரும்ப வைக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, முதல் ஆபரேஷனில் பார்த்ததைப் பார்க்கும்போது அது ஒன்றுமே இல்லை. அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். இடது கை இன்னும் வரவில்லை. பிபி மாத்திரையை நான் எதிரில் நின்று போட வைக்கிறேன், அதற்காகத் தினமும் எங்களுக்குள் ஒரு சண்டை.